குப்பியின் எண்ணைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, மாநில மற்றும் மாவட்டத் தடுப்பூசிப் பின்விளைவு (ஏ.இ.எஃப்.ஐ.) ஆய்வுக் குழுக்கள், மத்திய சுகாதார அமைச்சகத்தின் தடுப்பூசிப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தடுப்பூசி போட்ட பின் ஒருவர் இறந்துபோனாலோ முடங்கிப்போனாலோ அந்தக் குடும்பம் நஷ்டஈட்டுக்கு எங்கே போவது? 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் இதற்குப் பதில் சொன்னது. கோவிட் தடுப்பூசிக்குப் பின் நேரும் மிக அரிதான மரணங்களுக்கு அரசை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது, பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றம் போன்ற வழிகளை நாடலாம் என்றது. அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறீர்கள், சரி. அங்கே நீதிபதி கேட்கப்போகும் காகிதங்களில் பெரும்பாலானவை உங்கள் அலமாரியில் அல்லவா இருக்கின்றன? அவற்றைக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. நாளை அரசே ஒரு நஷ்டஈட்டுத் திட்டம் கொண்டுவந்தாலும், அந்த விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியதும் இதே காகிதங்கள்தான்.

நாங்கள் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் அல்ல. பெரியம்மை ஒழிந்ததும் இளம்பிள்ளை வாதம் இந்தியாவை விட்டுப் போனதும் எதனால் என்று எங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட கோப்புகளைப் படித்து, எது நிற்கும் எது விழும் என்று பார்க்கும் வேலை எங்களுடையது. விழும் கோப்புகள் பெரும்பாலும் சட்டத்தில் விழுவதில்லை. ஊசி போட்ட அன்றே, முதல் 48 மணி நேரத்துக்குள் விழுந்துவிடுகின்றன.

முதலில் குப்பி. தட்டம்மை–ரூபெல்லா மருந்து தூளாக வருகிறது. அதனுடன் வரும் டைலுயன்ட் என்ற கரைப்புத் திரவத்தில் கரைத்து, பத்து டோஸ் குப்பியாக இருந்தால் பத்துக் குழந்தைகளுக்கு ஆளுக்கு அரை மில்லி போடுகிறார்கள். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காரணம், இந்த மருந்தில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. ஊசி முனை வழியாக ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய்விட்டால், சூடான அறையில் அது பெருகி நச்சைச் சுரக்கும். அந்தக் குப்பியிலிருந்து ஊசி போட்ட குழந்தைக்குச் சில மணி நேரத்தில் கடுங்காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு ரத்த அழுத்தச் சரிவு. டைலுயன்ட் மாறிப்போவது இதைவிட மோசம். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் டைலுயன்டுக்குப் பதிலாக அட்ராகுரியம் என்ற தசைத்தளர்ச்சி மருந்து கலந்து 15 குழந்தைகள் இறந்தன. 2018 ஜூலையில் சமோவாவில் இரண்டு குழந்தைகள் இறந்ததும் தசைத்தளர்ச்சி மருந்தைக் கலந்ததால்தான்.

ஆகவே ஒரு குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் மற்ற ஒன்பது குழந்தைகளிடம் இருக்கிறது. ஒன்பதும் நன்றாக இருந்தால், குப்பி கெட்டுப்போயிருக்கும் வாய்ப்பு குறைகிறது. அந்த ஒரு குழந்தையின் உடலே மருந்துக்கு அப்படி எதிர்வினை காட்டியதா, அல்லது வேறு நோயா என்று பார்க்க வேண்டும். இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு அன்று மாலையே காய்ச்சல் ஏறியிருந்தால் கதை வேறு. அந்த ஒன்பது பெயர்களும் அன்றைய தடுப்பூசி அமர்வுப் பதிவேட்டில் இருக்கின்றன. குடும்பத்துக்கு அவை தெரிய வழியே இல்லை. பெயர்களைக் கேட்கவில்லை. ‘இதே குப்பியிலிருந்து போட்டுக்கொண்டவர்கள் இத்தனை பேர், அவர்களில் விசாரிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர், அறிகுறி இருந்தவர்கள் இத்தனை பேர்’ என்று மூன்று எண்களைத் தந்தால் போதும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்ததை இத்துறை மறந்திருக்காது. இந்த மூன்று எண்களின் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல.

குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்புவதில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, அன்று பயன்படுத்திய திறந்த குப்பி. மற்றொன்று, அதே பேட்ச்சைச் சேர்ந்த திறக்காத குப்பிகள். இரண்டுமே 2 முதல் 8 டிகிரி குளிரில் போய்ச் சேர வேண்டும், டைலுயன்டும் கூடவே போக வேண்டும். நடப்பது என்ன? அமர்வு முடிந்ததும் திறந்த குப்பி கழிவோடு போய்விடுகிறது. மாவட்டக் கிடங்கிலிருந்து திறக்காத குப்பிகளை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள். ‘மாதிரி தரமானது’ என்று அறிக்கை வருகிறது. அதை எதிர்மனுவில் இணைத்து, ‘மருந்தில் குறையில்லை, எனவே தவறு எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதுகிறார்கள். திறக்காத குப்பி தொழிற்சாலையைப் பற்றித்தான் பேசும். ஊசி போட்ட அறையில் குப்பி எத்தனை மணி நேரம் மேஜை மேல் இருந்தது, எதைக் கலந்தார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? எந்த வகைக் குப்பி அனுப்பப்பட்டது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். திறந்த குப்பி இல்லையென்றால், ‘இல்லை, கழிவில் போய்விட்டது’ என்றே எழுதுங்கள். அதை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவது, ரத்தம். ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒருவர் சரிந்து விழுந்தால் அது அனாஃபிலாக்ஸிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையா, பயத்தில் வந்த மயக்கமா என்பதுதான் பின்னால் முழு வழக்கின் அச்சாணி. டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை இதில் உதவும். ஆனால் அறிகுறி தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மாதிரி, ஒரு நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாதிரி என்று எடுத்தால்தான் பொருள் உண்டு. மறுநாள் காலை எடுத்துவிட்டு, ‘டிரிப்டேஸ் இயல்பு’ என்று எழுதுவது சான்று ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்கு வசதி இருக்காது என்பது தெரியும். ரத்தத்தை எடுத்து சீரம் பிரித்துக் குளிரில் வைக்க முடியும், அது போதும். அதுவும் முடியாத இடத்தில் நேரத்தையாவது எழுதுங்கள்: ஊசி போட்டது எத்தனை மணிக்கு, முதல் அறிகுறி எத்தனை மணிக்கு, அட்ரினலின் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, தொடையிலா கையிலா. ‘உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்ற ஒரு வரி நீதிமன்றத்தில் எதையும் நிரூபிப்பதில்லை, உங்கள் செவிலியரைக் காப்பாற்றுவதும் இல்லை.

கோவிஷீல்டு போன்ற அடினோவைரஸ் வகைக் கோவிட் தடுப்பூசிகளுக்குப் பின் மிக அரிதாக வந்த ரத்த உறைவுக்கும் இதே நேரக் கணக்கு உண்டு. ஊசிக்குப் பின் 4 முதல் 42 நாளுக்குள் கடுந்தலைவலி, தட்டணுக்கள் சரிவு, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் அளவு பல மடங்கு உயர்வு, மூளைச் சிரையிலோ வயிற்றுச் சிரையிலோ உறைவு. இதை உறுதிசெய்வது பி.எஃப்.4 என்ற தட்டணுப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டும் எலைசா ரத்தச் சோதனை. அந்த ரத்தத்தை, ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். விரைவுச் சோதனைகளில் பல இதைத் தவறவிட்டுவிடும். மருத்துவமனைக் கோப்பில் ‘பி.எஃப்.4 நெகட்டிவ்’ என்று மட்டும் இருந்து, எந்த முறை, எந்தத் தேதி என்று இல்லாவிட்டால் அந்த வரி குடும்பத்துக்கு எதிராகவே நிற்கும்.

மூன்றாவது, போஸ்ட்மார்ட்டம். குடும்பம் மறுக்கும் இடம் இது. மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் யாரும் விளக்கிச் சொல்லாததுதான். ‘உடற்கூராய்வு இல்லாவிட்டால் காரணம் என்னவென்று கடைசிவரை தெரியாமல் போகலாம், நஷ்டஈடு கேட்பதும் கடினமாகும்’ என்று நேராகச் சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். உறுப்புத் துண்டுகள் திசு ஆய்வுக்குப் பத்து சதவீத ஃபார்மலினில் போக வேண்டும். நச்சு ஆய்வுக்குப் போகும் உள்ளுறுப்புகள் செறிந்த உப்புக் கரைசலில் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் ஜாடியில் போட்டுவிட்டால் தசைத்தளர்ச்சி மருந்து கலந்ததா என்ற கேள்வியை அங்கேயே புதைத்தாயிற்று. மறுபக்கம், அனாஃபிலாக்ஸிஸில் இறந்தவரின் உடலில் கண்ணுக்குத் தெரியும் தனி அடையாளம் எதுவும் இல்லாமலே போகலாம். ‘குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை’ என்ற வரியை ‘தடுப்பூசி காரணமல்ல’ என்று மொழிபெயர்க்காதீர்கள்.

சரி, இனி உங்கள் படிவங்களுக்கு வருவோம். 2015 வழிகாட்டுதலின்படி கடுமையான பின்விளைவு ஒன்று தெரிந்ததும் மருத்துவ அலுவலர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்துக்கு அறிவிக்க வேண்டும்; 48 மணிக்குள் அறிவிப்புப் படிவம் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போக வேண்டும்; முதற்கட்ட விசாரணைப் படிவம் 10 நாளில், இறுதி விசாரணைப் படிவம் 70 நாளில். அதன் பிறகு காரண ஆய்வு. இந்தப் பாதை முழுக்க ஒரு பதிவு எண் கூடவே பயணிக்கிறது. நாடு, மாநிலம், மாவட்டம், ஆண்டு, வரிசை எண் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அமைச்சகம் தன் இணையதளத்தில் காரண ஆய்வு முடிவுகளை வெளியிடும்போது பெயர் போடுவதில்லை, இந்த எண்ணைத்தான் போடுகிறது. பெயரை மறைப்பது நியாயம். ஆனால் அந்த எண் குடும்பத்திடம் இல்லை. தன் மகளைப் பற்றிய முடிவு ஊரறிய வெளியாகியும், எது தன் மகளின் வரி என்று தகப்பனுக்குத் தெரியாத நிலை. காவல் நிலையத்தில் பைக் காணோம் என்று புகார் கொடுத்தாலே சி.எஸ்.ஆர். ரசீது கிழித்துத் தருகிறார்கள். இங்கே ஏன் ஒரு சீட்டு இல்லை?

கட்டாயத் தடுப்பூசி பற்றிய வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுகிறோம். தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் பின்விளைவுகளைப் பதிவு செய்ய ஒரு இணையத் தளம் இருக்க வேண்டும். அந்தப் பதிவுகளுக்குத் தனி அடையாள எண் கொடுத்து, அந்தரங்க விவரங்கள் இல்லாமல் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. எண் என்பது சலுகை அல்ல.

அடுத்து, காரண ஆய்வின் முடிவாக நீங்கள் கொடுக்கும் வகை எழுத்து. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ‘ஏ’ என்றால் தடுப்பூசியோடு தொடர்பு உண்டு. ஏ1 மருந்தின் இயல்பால், ஏ2 தரக்குறைவால், ஏ3 போட்ட முறையில் நேர்ந்த தவறால், ஏ4 பதற்றத்தால். ‘பி’ என்றால் தீர்மானிக்க இயலவில்லை. அதில் பி1, காலத் தொடர்பு பொருந்துகிறது ஆனால் அந்தத் தடுப்பூசிதான் காரணம் என்று சொல்லப் போதிய அறிவியல் சான்று இன்னும் இல்லை. ‘சி’ தற்செயல். ‘டி’ தகவல் போதாததால் வகைப்படுத்த முடியவில்லை. 2021-இல் கோவிட் தடுப்பூசி தொடர்பாக தேசியக் குழு ஆராய்ந்த முதல் 31 நேர்வுகளை எடுத்துக்கொள்வோம். 18 தற்செயல், 7 தீர்மானிக்க இயலாதவை, 3 மருந்தின் இயல்பால், 1 பதற்றத்தால், 2 வகைப்படுத்த இயலாதவை. அந்த மூன்றில் ஒன்றுதான், 2021 மார்ச்சில் ஊசி போட்டபின் அனாஃபிலாக்ஸிஸால் இறந்த 68 வயது முதியவர். தடுப்பூசியோடு தொடர்புண்டு என்று அரசின் குழு ஏற்ற முதல் கோவிட் தடுப்பூசி மரணம்.

இந்த எழுத்துகள் மருந்தின் பாதுகாப்பைக் கண்காணிக்கப் பிறந்தவை. யாருக்கு எவ்வளவு பணம் என்று சொல்லப் பிறந்தவை அல்ல. ‘இந்தத் தடுப்பூசி இந்த நோயை உண்டாக்கும் என்று உலக அளவில் நிறுவப்பட்டிருக்கிறதா’ என்பது குழுவின் கேள்வி. ‘இந்த மனிதருக்கு நேர்ந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் வாய்ப்பு அதிகமா, இல்லாதிருக்கும் வாய்ப்பு அதிகமா’ என்பது சிவில் நீதிமன்றத்தின் கேள்வி. முதல் கேள்விக்கு வந்த ‘பி1’ என்ற பதிலை இரண்டாவது கேள்விக்கு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று வாசிக்கிறார்கள். ‘டி’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தகவல் திரட்டாமல் விட்டது நீங்கள், தண்டனை குடும்பத்துக்கு. எனவே எழுத்தோடு ஒரு பக்கக் காரணமும் தாருங்கள், தமிழில். ‘தற்செயல்’ என்றால் அந்த வேறு நோய் எது, அதைக் காட்டிய பரிசோதனை எது? ‘டி’ என்றால் எந்தத் தகவல் இல்லை, அது யாரிடமிருந்து வந்திருக்க வேண்டும்?

நீதிமன்றத்துக்குப் போகும் வழிகளைக் கொஞ்சம் பாருங்கள். காகிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். 2021 ஜூனில் தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கொடுத்து கோவிஷீல்டு போட்டவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர். அதே வாரம் அரசு முகாமில் இலவசமாகப் போட்டவர் நுகர்வோர் அல்ல. எல்லாருக்கும் இலவசமாகத் தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால், அரசை நம்பி அரசு முகாமுக்கு வந்தவருக்கு மலிவான வழி அடைபட்டது. நுகர்வோரானவருக்கும் இரண்டே ஆண்டுதான் கெடு. 

மற்றவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அங்கே, ‘உண்மை விவரங்களில் சர்ச்சை இருக்கிறது, சிவில் நீதிமன்றம் போங்கள்’ என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். சர்ச்சை என்று சொல்லப்படும் விவரமெல்லாம் உங்கள் மூன்று படிவங்களில் இருப்பவை. சிவில் வழக்கென்றால் காயத்துக்கு மூன்று ஆண்டு கெடு, மரணத்துக்கு இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு. பாதிக்கப்பட்டது குழந்தையானால் பதினெட்டு வயது நிரம்பிய பிறகும் மூன்று ஆண்டு உண்டு, காலவரம்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம். கட்ட முடியாதவர் வறியவர் என்று மனுச் செய்து விலக்குப் பெறலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. இதையெல்லாம் தாண்டி வந்து நிற்கும்போதுதான், பேட்ச் எண் எது என்ற கேள்வியில் வழக்கு சறுக்குகிறது.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். நாங்கள் குடும்பங்களிடம் சொல்வது இது: ‘என்ன நடந்தது’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மூன்று படிவங்களின் நகல், அமர்வுப் பதிவேட்டில் அந்த நாள் பக்கம், மருந்து இருப்புப் பதிவேடு, குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பு, குப்பிகளை அனுப்பிய கடிதம், ஆய்வக முடிவு, காரண ஆய்வுக் கூட்டக் குறிப்பு. கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். இவ்வளவும் வைத்துக் கேட்டாலும், ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்ற பதில் வரலாம். இறந்தவரின் தகவலை அவருடைய மனைவியிடமிருந்து மறைத்து யாருடைய அந்தரங்கத்தைக் காக்கிறீர்கள்? மருத்துவமனை ஆவணங்களையாவது நோயாளி கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் அவற்றை வைத்திருக்கும் கட்டாயம். வழக்கின் கெடுவும் பெரும்பாலும் அதற்கு மேல் போவதில்லை. தகவல் உரிமை மேல்முறையீட்டில் ஒரு வருடம் போனால் இரண்டுமே கரைந்துவிடும்.

சாவில் முடியாத காயங்களும் உண்டு. தோள்பட்டையின் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் நடுவில் போட வேண்டிய ஊசியை மிக மேலே போட்டால் மூட்டின் பையில் இறங்கும். இரண்டு நாளுக்குள் வலி தொடங்கும், கையைத் தூக்க முடியாது, மாதக்கணக்கில் நீடிக்கும். அமெரிக்கா 2017-இல் இதைத் தன் நஷ்டஈட்டு அட்டவணையில் சேர்த்தது. கைக்குழந்தைக்குத் தொடையின் முன்-வெளிப் பக்கத்தில் போட வேண்டியதைப் புட்டத்தில் போட்டால் இடுப்பு நரம்பு அடிபட்டுக் கால் இழுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் படுக்காததால் இவற்றைச் ‘சிறு பின்விளைவு’ என்று மாதாந்திரப் பட்டியலில் ஒரு எண்ணாகச் சேர்த்துவிடும் போக்கு உண்டு. நீடித்த ஊனம் என்பதும் கடுமையான பின்விளைவுதான் என்று உங்கள் வழிகாட்டுதலே சொல்கிறது. அறுவடைக் கூலியை வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு வலது தோள் போனால் அது சிறியதா?

தவறு யாருடையது என்று பார்க்காமல் பணம் கொடுப்பது அரசுக்குப் புதிதும் அல்ல. இதே சுகாதார அமைச்சகம் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்கு அப்படிக் கொடுக்கிறது: 2013 விதிகளின்படி அறுவைக்குப் பின் ஏழு நாளுக்குள் இறந்தால் 2 லட்சம், எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் இறந்தால் 50 ஆயிரம், அறுவை பலிக்காமல் கருத்தரித்தால் 30 ஆயிரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில், ஓட்டியவர் மேல் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம். இன்னும் நெருக்கமான உதாரணம், 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். பரிசோதனைக் கட்டத்தில் மருந்தோடு தொடர்புடைய காரணத்தால் ஒருவர் இறந்தால் சூத்திரமே உண்டு. எட்டு லட்சத்தை வயதுக் காரணியாலும் ஆபத்துக் காரணியாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். ஆரோக்கியமானவருக்கு ஆபத்துக் காரணி 4. பதினாறு வயதோ அதற்குக் கீழோ என்றால் வயதுக் காரணி 228.54; கணக்குப் போட்டால் ஏறக்குறைய 73 லட்சத்து 60 ஆயிரம். 65 வயதைக் கடந்தவர் என்றால் 32 லட்சம். அதே மருந்து அனுமதி பெற்று, அதே ஊரில், அதே வயதுக்காரருக்குப் போடப்பட்டால் இந்தச் சூத்திரம் காணாமல்போகிறது. பரிசோதனைக்கு வந்தவர் தானாக விரும்பி வந்தவர். முகாமுக்கு வந்தவரை ஒலிபெருக்கி வைத்து அழைத்தது நீங்கள்.

வெளிநாட்டுத் திட்டங்களை அப்படியே எடுத்துவர வேண்டாம், அவற்றிலும் ஓட்டைகள் இருக்கின்றன. ஜெர்மனி 1961-லேயே தொடங்கியது. பிரிட்டன் 1979 சட்டப்படி ஒரே தொகை தருகிறது, 2007 முதல் 1,20,000 பவுண்டு; ஆனால் ஊனம் 60 சதவீதம் இருக்க வேண்டும். 55 சதவீதம் என்றால் ஒரு பைசா கிடையாது. அமெரிக்காவில் 1988 முதல் நடக்கும் திட்டத்தில் பிடித்த விஷயம் அதன் அட்டவணை. அனாஃபிலாக்ஸிஸ் என்றால் நான்கு மணி நேரத்துக்குள், ஃப்ளூ தடுப்பூசிக்குப் பின் குய்யன்-பாரே என்ற நரம்பு நோய் என்றால் 3 முதல் 42 நாளுக்குள், ரோட்டா வைரஸ் மருந்துக்குப் பின் குடல் செருகல் என்றால் 1 முதல் 21 நாளுக்குள் என்று கால எல்லை போட்டிருக்கிறார்கள். அதற்குள் வந்து, வேறு காரணமும் நிறுவப்படாவிட்டால் தடுப்பூசியே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிதி, ஒவ்வொரு டோஸிலும் அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரியிலிருந்து வருகிறது. நியாயமான அடிப்படையோடு வழக்காடித் தோற்றவருக்கும் வக்கீல் செலவைத் தருகிறார்கள். ஆனால் கோவிட் தடுப்பூசியை இந்தத் திட்டத்தில் சேர்க்காமல் வேறொன்றில் போட்டார்கள். அங்கே ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே ஆண்டு கெடு, வக்கீல் செலவும் கிடையாது. இங்கே கெடு வைப்பதானால் ஊசி போட்ட நாளிலிருந்து வைக்காதீர்கள், காரண ஆய்வு முடிவு குடும்பத்தின் கையில் சேர்ந்த நாளிலிருந்து வையுங்கள். இல்லாவிட்டால் குழு தாமதித்த ஒவ்வொரு மாதமும் குடும்பத்தின் கணக்கில் கழியும்.

காகிதத்தைக் கொடுத்தால் மக்கள் தடுப்பூசிக்குப் பயப்படுவார்கள் என்ற வாதம் எங்களுக்குத் தெரிந்ததுதான். சமோவாவையே மறுபடி பாருங்கள். இரண்டு குழந்தைகள் இறந்ததும் தடுப்பூசித் திட்டத்தை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். தவறு கலவையில் என்பது வெளிச்சத்துக்கு வருவதற்குள், குற்றம் தடுப்பூசி மேல் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தது. 2019-இல் தட்டம்மை வந்து 83 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் குழந்தைகள். பொறுப்பை ஏற்றதாகிவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். ‘இதைத் தருவதால் அரசு பொறுப்பேற்றதாகப் பொருள் அல்ல’ என்று ஒரு முத்திரை குத்திக் கொடுங்கள். அந்த முத்திரையோடு வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தயக்கமில்லை.

கேட்பது அரைப் பக்கச் சீட்டு ஒன்று. அறிவிப்புப் படிவம் மாநிலத்துக்குப் போகும் அதே நாளில், அதே 48 மணிக்குள், குடும்பத்தின் கையிலும் சேர வேண்டும். அதில் பதிவு எண், தடுப்பூசியின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், காலாவதித் தேதி, டைலுயன்டின் பேட்ச் எண், குப்பி கரைத்த நேரம், ஊசி போட்ட நேரம், உடலில் போட்ட இடம், திறந்த குப்பி இப்போது எங்கே இருக்கிறது, விசாரணை அலுவலரின் பதவியும் அலுவலகத் தொலைபேசியும். கீழே அலுவலரின் கையெழுத்து. பின் எழுபதாவது நாளில் இறுதிப் படிவத்தின் நகல், அதிலிருந்து முப்பது நாளில் காரணத்தோடு முடிவு, கேட்காமலே, பதிவுத் தபாலில்.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், மாநிலத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அதன் நகலை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குளிர்பெட்டி இருக்கும் அறைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர் பார்க்கும் இடம் அதுதான்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பின்விளைவுக் கோப்புகளில் பணிபுரியும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும்